உள்பக்கத்து எண்

யார்டில் அவளைக் காத்தக்கா என்பார்கள். காற்றுக் குழாயைத் தோளில் மாலைபோலப் போட்டுக்கொண்டு, மீட்டரை இடுப்பில் செருகிக்கொண்டு, காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினால் மதியம் வரை வண்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பாள். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று உறைக்க அவளுக்கே ஒரு நொடி ஆகும்.

நகரம் முடிகிற இடத்தில், பெரிய சாலையை விட்டு அரை மைல் உள்ளே தள்ளி இருந்தது அந்த யார்டு. படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்துக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் கேரவன்கள், படகு ஏற்றும் டிரெய்லர்கள், குதிரை ஏற்றும் டிரெய்லர்கள் என்று இருநூற்றுச் சொச்சம் வண்டிகள் நிற்கும். ஊர் சுற்றும் சீசன் முடிந்ததும் கொண்டுவந்து விடுவார்கள். அடுத்த சீசனுக்கு வந்து எடுத்துப்போவார்கள். இடைப்பட்ட மாதங்களில் அவை காத்தக்காவின் பொறுப்பு.

வண்டி உள்ளே வந்ததும் சக்கரங்களுக்கு அடியில் பலகை வைப்பாள், ஈரமண்ணில் ரப்பர் நேராக உட்காராமல் இருக்க. குறித்த அளவுக்குக் காற்று நிரப்பி, வெயில் படாமல் டயருக்குத் துணி உறை மாட்டுவாள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வண்டியையும் கால் சுற்று உருட்டி வைப்பாள். ஒரே இடத்தில் பாரம் தாங்கித் தாங்கி டயர் தட்டையாகிவிடக் கூடாது. ஓடுகிற வண்டியின் டயர் தேயும், தேய்வது கண்ணுக்குத் தெரியும். நிற்கிற வண்டியின் டயர் அப்படி இல்லை. மேலே, தரையில் பதிகிற பட்டனெல்லாம் புதுசு மாதிரி இருக்கும், உள்ளுக்குள் காய்ந்து இற்றுக்கொண்டே போகும். அதனால்தான் வயது பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சாகியிருக்கும்: முதல் இரண்டும் எந்த வாரம், அடுத்த இரண்டும் எந்த வருஷம். ஆறு வயது தாண்டிய டயரோடு எந்த வண்டியும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது பெரிய முதலாளி இருந்தபோது போட்ட சட்டம்.

ஒரே ஒரு தொல்லை. அந்த எண் பல டயர்களில் ஒரு பக்கம்தான் இருக்கும். மாட்டியவன் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தால், வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்து டார்ச் அடித்துத்தான் படிக்க முடியும். காத்தக்கா அப்படி ஆயிரம் தடவை நுழைந்திருப்பாள். ஒரு தடவை நுழையவில்லை.

அது பதினோரு வருஷத்துக்கு முன்னால், சீசன் தொடங்கிய வாரம். காலையில் ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கணக்கு வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும் தங்கள் கேரவனை எடுக்க வந்திருந்தார்கள். இரண்டு வருஷமாக அசையாமல் நின்ற வண்டி அது. அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், வைத்தியம் முடிந்து, அப்போதுதான் தேறியிருந்தார். ஒல்லியாக, தலையில் துணி சுற்றிக்கொண்டு, கேரவன் வாசல்படியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வருஷமா ஆஸ்பத்திரிக் கூரையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார் காத்தக்காவிடம். "அதுல எத்தனை விரிசல்னுகூட எனக்கு அத்துப்படி. முப்பத்தேழு. இனிமே கொஞ்ச நாள் கடலைப் பார்க்கிறேன்."

காத்தக்கா சிரித்தாள். அவளுக்கும் அன்று மனசு லேசாக இருந்தது. மகள் வெகு நாளாக நச்சரித்ததில், வீட்டில் மூன்று பேரும் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு போட்டோ எடுப்பதென்று முடிவாகி, பேக்கரியில் வேலை பார்க்கும் கணவர் அரைநாள் லீவு போட்டிருந்தார். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ள நேரமிருக்காது என்று, இஸ்திரி போட்ட புது நீலத் துணியை உடுத்தி, அதன்மேல் வேலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

குந்தி உட்கார்ந்து டயரைப் பார்த்தாள். பட்டன் ஆழமாக இருந்தது. காற்று சரியாக இருந்தது. வெளிப்பக்கத்தில் எண் இல்லை. குனிந்து அடியில் பார்த்தாள். நாலு விரல் ஆழத்துக்கு மழைத்தண்ணீர் தேங்கிச் சேறாகக் கிடந்தது.

"டயர் எப்ப மாத்தினது சார்?"

"புதுசும்மா. வண்டியை வாங்கும்போதே புது டயர்னுதான் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் வண்டி எங்க ஓடிச்சு?"

காத்தக்கா எழுந்தாள். படிவத்தில் 'டயர் வயது' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். கேட்டைத் திறந்துவிட்டாள். கார் திரும்பும்போது அந்த அம்மா கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டி அசைத்தார். ஊசி குத்திக் குத்தி அந்தக் கையின் மேற்புறம் கன்றிப்போயிருந்தது. காத்தக்கா போட்டோவுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தாள்.

மூன்றாம் நாள் பளுதூக்கி லாரி ஒன்று அந்தக் கேரவனைத் திரும்பக் கொண்டுவந்தது. இடது பக்கம் பிய்ந்து, அலமாரிக் கதவுகள் வெளியே தொங்கின. இடது சக்கரத்தில் இரும்பு வளையம் பாதி தேய்ந்துபோயிருந்தது. ரப்பர் என்று சொல்ல உள்ளங்கை அளவுகூட மிச்சமில்லை.

"இருநூறு கிலோமீட்டர் தாண்டலை" என்றார் லாரி டிரைவர். "இடது டயர் வெடிச்சிருக்கு. வண்டி பாம்பு மாதிரி ஆடி, காரையும் இழுத்துக்கிட்டுப் போய்ச் சுவத்துல அடிச்சிருக்கு. வாத்தியாருக்குக் கைதான் முறிஞ்சது. இடது பக்கம் உட்கார்ந்திருந்த வீட்டம்மா அந்த இடத்துலயே."

காத்தக்கா அப்போது ஒரு படகு டிரெய்லருக்குக் காற்று நிரப்பிக்கொண்டிருந்தாள். கையைக் குழாயிலிருந்து எடுக்கவில்லை. யாரோ "அக்கா, முள்ளைப் பாரு" என்று சத்தம் போட்ட பிறகுதான் மீட்டர் முள் சிவப்பைத் தாண்டி எங்கோ நிற்பது தெரிந்தது.

அடுத்த வாரம் விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. நொறுங்கிய இடது பக்கத்தைப் பல கோணத்தில் படம் எடுத்தார்கள். உருக்குலையாமல் இருந்த வலது சக்கரத்தை வெளியிலிருந்து ஒரே ஒரு படம் எடுத்தார்கள். அன்றும் தரை ஈரமாக இருந்தது. அவர்களும் நல்ல சட்டை போட்டிருந்தார்கள். சாலையில் கிடந்த ஏதோ இரும்புத்துண்டு ஏறியிருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். போகும்போது அவர்களில் மூத்தவர் அவளைப் பார்த்து, "உங்க பக்கம் எல்லாம் ஒழுங்கா இருக்கும்மா. இப்படிப் பார்த்து அனுப்புறவங்க குறைச்சல்" என்றார்.

அவரைத் தடுத்து நிறுத்தி ஒரு வாக்கியம் சொல்ல அவளுக்குக் கேட் வரைக்கும் நேரம் இருந்தது. நாற்பது அடி. அவர் வாட்ச்மேனிடம் வழி கேட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம்கூட நின்றார்.

உடைந்த கேரவனைக் கடைசி வரிசையில், மதில் ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்கள். அதை என்ன செய்வதென்று முதலாளி கேட்டு எழுதியதற்கு வாத்தியாரிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது: இருக்கட்டும். அடுத்த வருஷமும் அதே ஒரு வரி. அதற்கடுத்த வருஷமும். பெரிய முதலாளி போய் அவர் மகன் பொறுப்புக்கு வந்த பிறகும் வந்துகொண்டிருந்தது. வாத்தியார் மட்டும் ஒருநாளும் வரவில்லை.

காத்தக்கா இருநூறு வண்டியையும் மாதம் தவறாமல் கால் சுற்று உருட்டினாள். அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. அதன் வலது டயர் பலகை இல்லாமல், உறை இல்லாமல் வெறும் மண்ணில் நின்றது. வருஷத்துக்கு வருஷம் காற்று இறங்கி, வயசான ஆள் நாற்காலியில் உட்காருவதுபோல மெல்ல மெல்ல உட்கார்ந்தது. இரண்டு டயரும் ஒரே கம்பெனி, ஒரே வார்ப்பு. ஜோடியாக வாங்கியவை என்று பார்த்தாலே தெரியும். ஆகவே இடது டயரின் வயது என்ன என்பது அதோ அங்கே, அந்த வலது டயரின் உள்பக்கத்தில் எழுதியிருந்தது. போய்ப் படிக்க ஐந்து நிமிஷம் ஆகாது.

படிக்கவில்லை. படிக்காத வரைக்கும் அது மூன்று வயது டயராகவும் இருக்கலாம். உண்மையிலேயே இரும்புத்துண்டு ஏறியிருக்கலாம். அந்த 'லாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளை ஓட்டினாள்.

முதலில் வந்தது சத்தம். உச்சி வெயிலில், வேலையாட்கள் சாப்பிடப் போய் யார்டு ஓய்ந்துகிடக்கும் நேரத்தில், எங்கோ ஒரு டயரிலிருந்து காற்று கசியும் சத்தம் கேட்கும். மெல்லிய, விடாத சத்தம். சோப்புத் தண்ணீர் டப்பாவை எடுத்துக்கொண்டு வால்வு வால்வாகத் தடவிக்கொண்டு போவாள். ஒன்றிலும் குமிழி வராது. வரிசை வரிசையாகத் தாண்டிப் போகப் போகச் சத்தம் கூடும். கடைசி வரிசை முனைக்கு வந்ததும் நின்றுவிடும். மதில் ஓரத்தில் உடைந்த ஜன்னலின் திரை மட்டும் உள்ளே இழுத்து வெளியே தள்ளி, உள்ளே இழுத்து வெளியே தள்ளி, யாரோ மூச்சு விடுவதுபோல ஆடும். மற்ற வரிசையில் ஒரு புல்கூட அசையாது.

இரண்டு மூன்று தடவை அவள் டப்பாவும் கையுமாக அலைவதைப் பார்த்துவிட்டு, வாட்ச்மேன் யார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். "காத்தக்காவுக்கே காத்து கருப்பு அடிச்சிருக்கு. இனி மந்திரிக்கவும் பம்புதான் வைக்கணும்."

அவளும் கூடவே சிரித்து வைத்தாள்.

பிறகு எண்ணுவது வந்தது. டயரில் விளிம்போரம் மயிரிழை மாதிரி விரிசல் விழுந்திருக்கிறதா என்று விரலால் நீவிப் பார்த்து எண்ணுவாள். அப்போது பக்கத்தில் இன்னொருத்தியும் கூடவே எண்ணுவதுபோல இருக்கும். காத்தக்கா ஆறில் இருக்கும்போது அந்தக் குரல் ஏழில் இருக்கும். குரல் நிற்கிற எண் முப்பத்தேழு என்று தெரிந்திருந்ததால், எந்த டயரிலும் இருபதுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். இருபது விரிசல் இருந்தாலே டயர் குப்பைக்குத்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வேலையில் இரும்பாகிப்போனாள். உள்பக்கம் பார்க்காமல் எதையும் விடமாட்டாள். மழையோ வெயிலோ, அடியில் படுத்துவிடுவாள். ஐந்து வயது டயருக்கே மாற்றச் சொல்லிப் பிடிவாதம் பிடிப்பாள். குடும்பத்தோடு கிளம்பி வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், முதலாளியிடம் போய் முறையிடுவார்கள். "இந்த அம்மாவுக்கு என்ன வியாதி" என்று அவள் காதுபடவே கேட்டவர்கள் உண்டு. சேறோடு வீட்டுக்குப் போவாள். கூடத்துச் சுவரில் அந்த ஸ்டூடியோ போட்டோ மாட்டியிருந்தது. வருகிறவர்களெல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "இதுல நீ எவ்வளவு நல்லா இருக்கே" என்பார்கள். உண்மைதான். ஒரு பொட்டுச் சேறுகூட இல்லாமல், மடிப்புக் கலையாமல் நின்றிருந்தாள்.

இப்படிப் பதினோரு வருஷம்.

கடைசி வரிசையில் மழைநீர் போகப் புதிதாக வாய்க்கால் தோண்ட வேண்டியிருந்தது. சின்ன முதலாளி வாத்தியாருக்கு எழுதினார். இந்தத் தடவை 'இருக்கட்டும்' வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து, வாத்தியாரே வந்துவிட்டார்.

தலை முழுக்க வெளுத்திருந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே நேராக நீளவில்லை. அக்குளில் ஒரு நோட்டுப்புத்தகம் இடுக்கியிருந்தார். முதலாளி அவரைக் காத்தக்காவிடம் அனுப்பினார்.

"நீங்கதானே அன்னைக்கு வண்டியைப் பார்த்து அனுப்பினது?"

அவள் குழாயைத் தோளிலிருந்து இறக்கினாள். "ஆமா சார்."

"நல்லவேளை. நீங்க வேலையை விட்டுப் போயிருப்பீங்களோன்னு பயந்துக்கிட்டே வந்தேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வேற யாருக்கும் தெரியாது."

கடைசி வரிசைக்குப் போனார்கள். அவர் கேரவனைப் பார்த்தார், ஆனால் கிட்டே போகவில்லை. கவிழ்ந்து கிடந்த ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் பென்சில் எழுத்து, கூட்டல், கழித்தல், வண்டியை மேலிருந்து பார்ப்பதுபோலப் படம்.

"அன்னைக்கு வண்டியில இருந்த சாமான் எல்லாம் இதுல இருக்கு. எடையோட. வலது பக்கம் இது, இடது பக்கம் இது. தண்ணி கேன் இருபது கிலோ, புத்தகப் பெட்டி பதினேழு. இதோ, தையல் மெஷின், பதினாலு. மெஷினை வலது பக்கம் வைங்கன்னு அவ சொன்னா. எங்க வச்சா என்னன்னு நான்தான் இடது பக்கம் தூக்கி வச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டயர் எவ்வளவு தாங்கும்னு புத்தகத்துல பார்த்து எழுதி வச்சிருக்கேன். வேகத்தையும் சேர்த்துத்தான் போடுறேன். ஒரு தடவை போட்டா டயர் தாங்குது. இன்னொரு தடவை போட்டா தாங்க மாட்டேங்குது. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான், இந்த ஒரு கணக்கு எனக்கு வர மாட்டேங்குது. நீங்க இதுலயே இருக்கிறவங்க. இதைக் கொஞ்சம் பாருங்களேன். அந்தப் பதினாலு கிலோதானே?"

நோட்டை அவள் கையில் கொடுத்தார். அதன் ஓரங்கள் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன.

காத்தக்கா அந்த எழுத்தைப் பார்த்தாள். நல்ல நிலையில் இருக்கும் டயருக்கு அந்த மொத்தச் சாமானும் ஒரு பொருட்டே இல்லை. தையல் மெஷின் நாலு வைத்தாலும் தாங்கும். விதி சார், யாரால் என்ன செய்ய முடியும் என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

"மெஷின் ஒண்ணும் பண்ணலை சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"கொஞ்சம் இருங்க."

போய் ஜாக்கியும் நட்டுக் கழற்றும் பெரிய சாவியும் கொண்டுவந்தாள். நட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. சாவியின் பிடியில் ஏறி நின்று எம்பினாள். ஒவ்வொன்றும் 'கிரீச்' என்று முனகிக்கொண்டு வந்தது. கடைசி நட்டு நழுவிப் புல்லில் விழுந்தது. சக்கரத்தை இழுத்து எடுத்து, உருட்டிவந்து, அவர் காலடியில் உள்பக்கம் மேலே தெரியும்படி சாய்த்தாள். சிலந்தி வலையும் மண்ணும் அப்பியிருந்தன. இடுப்பிலிருந்த துணியை எடுத்துத் துடைத்தாள். அவளுக்கும் அது தெரியாத எண்தான். துடைக்கத் துடைக்க ஒவ்வொரு இலக்கமாக வந்தது.

4103.

"இது என்ன?" என்றார் வாத்தியார், குனிந்து.

"டயர் செஞ்ச தேதி. நாப்பத்தொண்ணாவது வாரம். ரெண்டாயிரத்து மூணாம் வருஷம்."

அவர் பென்சிலை எடுக்கவில்லை. மனசுக்குள்ளேயே போட்டார். "அப்ப அன்னைக்கு இதுக்கு ஒன்பது வருஷம் ஏழு மாசம்."

"இன்னொண்ணும் இதே ஜோடிதான் சார். ஆறு வருஷத்துக்கு மேல இருந்தா வெளிய விடக் கூடாது. எண் உள்பக்கம் இருந்துச்சு. கீழ படுத்துத்தான் பார்க்கணும். நான் படுக்கலை. தண்ணி தேங்கியிருந்துச்சு. நான் புதுத் துணி போட்டிருந்தேன். பார்க்காமலே பார்த்தேன்னு டிக் போட்டுட்டேன்."

வாத்தியார் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நிறம்?" என்றார்.

"சார்?"

"அன்னைக்குப் போட்டிருந்த துணி."

"நீலம் சார்."

தலையை ஆட்டினார். எதற்குக் கேட்டார் என்று அவளுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

"நான்தானே புதுசுன்னு சொன்னேன்" என்றார் பிறகு.

"நீங்க சொல்றதைக் கேக்கிறதா சார் என் வேலை? பார்க்கிறதுதானே."

அவர் அதை மறுக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தவள், சொல்லாததும் ஒருவகையில் நிம்மதியாக இருப்பதை உணர்ந்தாள்.

"இதை எழுதிக் கொடுப்பீங்களா?"

சோதனைப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில், கேரவன் படிமேல் வைத்து எழுதினாள். நடந்ததை நடந்தபடி, தண்ணீரையும் துணியையும் சேர்த்து எழுதினாள். கீழே சொந்தப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். வாத்தியார் வாங்கி நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் ஒரு எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவரே வைத்தார். நாலாக மடித்து நோட்டுக்குள் செருகிக்கொண்டு, கேரவனைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

"வண்டியை என்னமும் செஞ்சுக்கலாம்னு சொல்லிடுங்க உங்க முதலாளிகிட்ட" என்றார், கேட்டருகே.

சின்ன முதலாளிக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "மூடின கேஸுக்கா இதெல்லாம்? கிணறு வெட்டி நீயே அதுல குதிச்சிருக்கியே. உன்னோட சேர்த்து யார்டையும்ல இழுத்துவிட்டுட்டே."

"உங்க அப்பா போட்ட சட்டம் தம்பி. மீறினது நான். யார்டு இல்லை. அதையும் எழுதித்தான் கொடுத்திருக்கேன்."

கொஞ்ச நாள் வீட்டில் இரு என்றார். இருந்தாள். அன்று மாலை மாவுக் கையோடு வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஸ்டூடியோவுக்கு நேரமாச்சுன்னு அன்னைக்குக் காலையில உன்னைப் பிடுங்கி எடுத்தது நான்தானே" என்றார்.

"ஆளாளுக்குப் பங்கு கேட்டா எனக்குன்னு என்ன மிஞ்சும்?" என்று எரிந்து விழுந்தாள்.

மறுநாள் அவர் சுவரிலிருந்து போட்டோவை இறக்கி வைத்திருந்தார். அவள் எடுத்துப் பழைய இடத்திலேயே மாட்டினாள். இத்தனை வருஷம் பார்த்ததை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

போலீஸ் வரும் என்று காத்திருந்தாள். தெருவில் கார் நின்றால் எழுந்து செருப்பைத் தேடுவாள். யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் முதலாளிதான் போன் பண்ணினார்; சீசன் நெருங்குகிறது, அவளுக்குப் பதிலாக வைத்த ஆள் வண்டிக்கு அடியில் நுழைய மாட்டேன் என்கிறானாம். திரும்பிப் போனாள். கடைசி வரிசை காலியாக இருந்தது. கேரவனை உடைத்து எடுத்துப்போய், அந்த இடத்தில் வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். காற்று கசியும் சத்தம் கேட்கிறதா என்று அன்று மதியம் காது கொடுத்து நின்றாள். கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

அப்படியே ஒரு சீசன் போய் அடுத்தது வந்தது. ஒருநாள் மதியம், கேட்டில் ஒரு குடும்பம் கிளம்பக் காத்திருக்க, அவள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண். ஒரு பெண் குரல், அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி, அது நீங்கள்தானா என்று கேட்டது.

"நான்தான். நீங்க?"

"கணக்கு வாத்தியாரோட பொண்ணு. அப்பா போன மாசம் தவறிட்டார். அவர் சாமானை ஒழிக்கும்போது தலையணை உறைக்குள்ள ஒரு தாள் இருந்துச்சு. உங்க கையெழுத்து. யார்டுலதான் உங்க நம்பர் கொடுத்தாங்க."

காத்தக்கா படுத்த வாக்கிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். "ஆமாம்மா. நான் எழுதினதுதான்."

"அம்மா போனதுலேர்ந்து அப்பா தூங்கினதே இல்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பென்சிலால கணக்குப் போடுவார். பக்கத்து அறையில படுத்திருப்பேன், அந்தப் பென்சில் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். போன வருஷம் ஒருநாள் திடீர்னு நிறுத்திட்டார். நல்லாத் தூங்கினார். டாக்டர் கொடுத்த மருந்துதான் வேலை செய்யுதுன்னு நெனச்சோம். இப்பதான் தெரியுது ஏன்னு."

காத்தக்கா டார்ச்சை அணைத்தாள்.

"நன்றி சொல்லக் கூப்பிட்டேன்னு நெனைக்காதீங்க. அன்னைக்கு விசாரிக்க வந்தவங்ககிட்டயே நீங்க இதைச் சொல்லியிருந்தா, எங்கப்பா பதினோரு வருஷம் தூங்கியிருப்பார்."

"ஆமாம்மா."

"அதுக்கு என்ன சொல்றீங்க?"

"சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லைம்மா."

இணைப்பு அறுந்தது.

இத்தனை வருஷமும் தன் தலையில் இருப்பது ஒரு உயிர் என்றுதான் காத்தக்கா நினைத்திருந்தாள். கேட் வரைக்கும் இருந்த அந்த நாற்பது அடி தூரத்தில் இன்னொரு ஆளையும் விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்பது ஒருநாளும் அவள் புத்தியில் ஏறியதில்லை. போனை மார்பின்மேல் வைத்தாள். முதுகுக்கு அடியில் மண் குளிர்ந்திருந்தது.

டார்ச்சை எடுத்துச் சக்கரத்தின் உள்பக்கம் அடித்தாள். எண் தெளிவாகத் தெரிந்தது, நாலு வயதுகூட நிரம்பாத டயர். வெளியே குடும்பத்தார் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு, "சரியா இருக்காக்கா? கிளம்பலாமா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். தலைக்கு மேலே, வண்டியின் தரைப்பலகைக்கு அந்தப் பக்கத்தில், காகிதத்தில் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. கூட்டி, அடித்து, மறுபடி முதலிலிருந்து கூட்டியது.

"ஒரு நிமிஷம்" என்றாள். அடுத்த சக்கரத்தை நோக்கி முதுகால் நகர்ந்தாள்.